டென்னிஸ் சர்வ் ரூல்ஸ்: கால் எங்க வைக்கணும்ல ஆரம்பிச்சு டை-பிரேக், டபுள்ஸ் வரைக்கும் முழு வழிகாட்டி

டென்னிஸ்ல மத்த ஷாட்டுக்கெல்லாம் ரூல் புக் பெருசா கட்டுப்பாடு போடல, ஃபோர்ஹேண்டை குட்டிக்கரணம் அடிச்சுக்கிட்டே ஆடினாலும் பந்து நெட்டைத் தாண்டி கோட்டுக்குள்ள விழுந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பாயிண்டையும் ஆரம்பிச்சு வைக்கிற அடியான சர்வ் மட்டும்தான் தனி ராஜ்யம். எங்க நிக்கணும், எப்படி ஆரம்பிக்கணும், எந்தக் கட்டத்துல விழணும், தப்பினா எத்தனை சான்ஸ், அடுத்து யாரு போடணும்னு சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்போட ரூல் புக்குல வரிசையா விதிகள் இருக்கு, அதனாலதான் அம்பயர் இல்லாம ஆடுற இடத்துல நடக்கிற சண்டைல பாதிக்கு மேல சர்வ்லதான் வந்து நிக்குது.

ஆனா இதை மனப்பாடம் பண்ணத் தேவையில்ல. ஒரே ஒரு நொடியைப் பிடிச்சுக்கோங்க, ரேக்கெட் பந்தைத் தொடுற நொடி. அதுக்கு முன்னாடி வரைக்கும் ரூல் எல்லாம் உங்க காலைப் பத்தினது, அதுக்கு அப்புறம் எல்லாமே பந்தைப் பத்தினது. கீழ வர்ற ஒவ்வொரு சந்தேகத்தையும் இந்த நொடிக்கு முன்னயா பின்னயான்னு கேட்டுப் பாருங்க, முக்கால்வாசி விடை தானா வந்துடும்.

1. முதல்ல கோடுகளைப் பாருங்க

கோர்ட் நீளம் 23.77 மீட்டர், அதாவது 78 அடி. அகலம் சிங்கிள்ஸுக்கு 8.23 மீட்டர், டபுள்ஸுக்கு 10.97 மீட்டர். நெட் நடுவுல 3 அடி உயரம், ரெண்டு ஓரத்துக் கம்பத்துகிட்ட மூணரை அடி, அதாவது நடுவுல கொஞ்சம் தாழ்வா இருக்கும். நெட்ல இருந்து 21 அடி தள்ளி ரெண்டு பக்கமும் ஒரு குறுக்குக் கோடு இருக்கும், அதுதான் சர்வீஸ் லைன். நெட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல இருக்கிற இடத்தை சென்டர் லைன் ரெண்டா பிரிக்குது, அந்த ரெண்டு கட்டமும்தான் சர்வீஸ் பாக்ஸ்.

கடைசில இருக்கிற பேஸ்லைன் நடுவுல உள்பக்கமா பார்த்த மாதிரி ஒரு குட்டிக் கோடு இருக்கும், 4 இன்ச்தான், பாதிப்பேர் அதைக் கவனிக்கவே மாட்டாங்க. அதுக்குப் பேரு சென்டர் மார்க். சர்வ் போடறவருக்கு கோர்ட்டுலயே முக்கியமான கோடு இதுதான், ஏன்னு மூணாவது ஸ்டெப்ல வரும்.

2. யார் முதல்ல சர்வ்?

வார்ம்-அப்புக்கு முன்னாடி காசு சுண்டிடுவாங்க, இல்லன்னா ரேக்கெட்டைச் சுத்தி விடுவாங்க. ஜெயிச்சவருக்கு மூணு வழி இருக்கு. சர்வ் வேணுமா ரிசீவ் வேணுமான்னு சொல்லலாம், அப்போ எந்தப் பக்கம்னு எதிராளி சொல்லுவார். இல்ல நான் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறேன்னு சொல்லலாம், அப்போ சர்வா ரிசீவான்னு எதிராளி முடிவு பண்ணுவார். மூணாவது, நீங்களே முதல்ல சொல்லுங்கன்னு எதிராளி தலைல கட்டிடலாம். இந்த மூணாவது வழி இருக்கறதே நிறைய பேருக்குத் தெரியாது, வெயில் ஒரு பக்கம் கண்ணுல அடிக்கிற நேரத்துல இது நல்லாவே உதவும், ஏன்னா எதிராளி சர்வை எடுத்துக்கிட்டா அவர் அண்ணாந்து சூரியனைப் பார்த்து சர்வ் போடற மாதிரி பக்கத்தை நீங்க எடுத்துக்கலாம்.

அதுக்கப்புறம் கேமுக்கு ஒருத்தர். முதல் கேம் நீங்க முழுசா போட்டா அடுத்த கேம் அவர், இப்படியே மேட்ச் முடியற வரைக்கும் மாறி மாறி.

3. எங்க நிக்கணும்

சர்வ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு காலும் பேஸ்லைனுக்குப் பின்னாடி, தரையில, அசையாம இருக்கணும். பக்கவாட்டுல எல்லை என்னன்னா ஒரு பக்கம் சென்டர் மார்க், இன்னொரு பக்கம் சைட்லைன், இந்த ரெண்டு கோட்டையும் அப்படியே பின்னாடி சுவர் வரைக்கும் நீட்டி வரைஞ்சதா மனசுல நினைச்சுக்கோங்க, அந்த ரெண்டு கற்பனைக் கோட்டுக்கு நடுவுலதான் நிக்கணும். பேஸ்லைனை ஒட்டி நிக்கணும்னு அவசியம் இல்ல, நாலு அடி பின்னாடி போய் நின்னு போட்டாலும் செல்லும், யாரும் அப்படிப் போட மாட்டாங்க, அது வேற விஷயம்.

இங்க ஒரு நுணுக்கம். சிங்கிள்ஸ் ஆடும்போது சிங்கிள்ஸ் சைட்லைன் வரைக்கும்தான் உங்க எல்லை, அந்தக் கோட்டுக்கும் வெளிய இருக்கிற டபுள்ஸ் கோட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துல நின்னு போடக்கூடாது. டபுள்ஸ் ஆடும்போது அந்த சந்தும் உங்களுக்குச் சொந்தம். ஓரமா நின்னு பந்தை வெளிய இழுக்கப் பார்க்கிறவங்க இதைத் தெரியாம செய்யறதும் உண்டு, தெரிஞ்சே செய்யறதும் உண்டு.

4. பந்தைத் தூக்கிப் போட்டு அடிக்கிறது

கையால பந்தை விடணும், தரையில விழறதுக்கு முன்னாடி அடிக்கணும். ரூல் இவ்ளோதான். எந்தப் பக்கமா வேணா விடலாம், மேல தூக்கணும்னுகூட எங்கயும் எழுதல. ஒரு கையை மட்டுமே பயன்படுத்த முடிஞ்ச ஆட்டக்காரர்னா ரேக்கெட்டாலயே பந்தைத் தூக்கி விட்டு அடிக்கலாம், அதுக்குத் தனியா அனுமதி இருக்கு.

அப்போ கீழ இருந்து அடிக்கிற அண்டர்ஆர்ம் சர்வ்? தாராளமா போடலாம். தலைக்கு மேல ரேக்கெட் போகணும்னு ரூல் கிடையவே கிடையாது. 1989 ஃபிரெஞ்ச் ஓப்பன் நாலாவது ரவுண்டுல 17 வயசு மைக்கேல் சாங், அப்போ உலக நம்பர் ஒன்னா இருந்த இவான் லெண்டல்கிட்ட அஞ்சாவது செட்ல கால் பிடிப்போட நிக்க முடியாம தவிச்சப்போ திடீர்னு கீழ இருந்து ஒண்ணு போட்டார், பாயிண்டும் கிடைச்சுது, மேட்சும் கிடைச்சுது, கடைசில அந்தக் கோப்பையையும் தூக்கினார். இன்னிக்கும் யாராவது அப்படிப் போட்டா எதிராளிக்கு மரியாதை இல்லன்னு முணுமுணுக்கிற கூட்டம் இருக்கு. என்னைக் கேட்டா, பேஸ்லைனுக்கு ரொம்பப் பின்னாடி போய் நிக்கிற ரிசீவருக்கு அது சரியான வைத்தியம்.

அடுத்தது, தூக்கின பந்து சரியா வரலைன்னா என்ன பண்றது? அடிக்காம விட்டுடுங்க. கையால பிடிச்சாலும் சரி, ரேக்கெட்ல வாங்கினாலும் சரி, கீழ விழ விட்டாலும் சரி, அது ஃபால்ட் (தப்பான சர்வ்) கிடையாது, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். ஆனா ரேக்கெட்டை வீசி பந்து படாமப் போச்சுன்னா அது ஃபால்ட். வீசினீங்களா இல்லையாங்கிறதுதான் கணக்கு. பந்து மேல போனதும் கை பாதி வந்து நின்னுச்சு, இது வீச்சா இல்லையான்னு வாக்குவாதம் வரும், அடிக்கிற எண்ணத்தோட ரேக்கெட் பந்தை நோக்கிப் போச்சான்னு பாருங்க, போச்சுன்னா ஃபால்ட்னு ஒத்துக்கிறதுதான் கௌரவம்.

5. ஃபுட் ஃபால்ட், யாரும் கண்டுக்காத ரூல்

அசையாம நின்னு ஆரம்பிச்சதுல இருந்து ரேக்கெட் பந்தைத் தொடற வரைக்கும் நாலு விஷயம் பண்ணக்கூடாது. நடந்தோ ஓடியோ இடம் மாறக்கூடாது, லேசா காலை நகர்த்தறது பரவாயில்ல. எந்தக் காலும் பேஸ்லைனையோ கோர்ட்டு உள்பக்கத்தையோ தொடக்கூடாது. சைட்லைனோட அந்தக் கற்பனை நீட்சிக்கு வெளிய கால் படக்கூடாது. சென்டர் மார்க்கையும் அதோட கற்பனை நீட்சியையும் மிதிக்கக்கூடாது.

எல்லாத்துலயும் வார்த்தை "தொடறது"தான். கால் காத்துல கோட்டுக்கு மேல இருந்தா தப்பில்ல. டிவில பாருங்க, பெரிய சர்வர்கள் எல்லாம் தாவி அடிச்சு கோர்ட்டுக்குள்ள ரெண்டு அடி தள்ளி இறங்குவாங்க, கமெண்ட் போடறவங்க "இது ஃபுட் ஃபால்ட் இல்லையா"ன்னு கேப்பாங்க. இல்ல. அடிக்கும்போது கால் காத்துல இருந்துச்சு, தரையைத் தொட்டது பந்தை அடிச்சதுக்கு அப்புறம். ரேக்கெட் பந்தைத் தொட்டதோட சர்வ் அசைவு முடிஞ்சுது, அதுக்கப்புறம் நீங்க கோர்ட்டுல எங்க வேணா இறங்கலாம். ஒரு காலத்துல ஒரு கால் தரையில இருந்தே ஆகணும்னு ரூல் இருந்துச்சு, அதை எடுத்து ரொம்ப வருஷம் ஆச்சு.

உண்மையான தப்பு எங்க நடக்குதுன்னா முன்னங்கால்ல. கோட்டுக்கு ஒரு விரல்கடை பின்னாடி ஷூ நுனியை வச்சு நிப்பாங்க, பந்தைத் தூக்கும்போது உடம்பு எடை முன்னாடி வரும், குதிகால் தூக்கும், நுனி அப்படியே சறுக்கி வெள்ளைக் கோட்டு மேல ஏறும், அதுக்கப்புறம்தான் பந்தையே அடிப்பாங்க. அடிக்கிறவர் கண்ணு மேல இருக்கும், அவருக்குத் தெரியவே தெரியாது. பின்னங்காலை முன்னாடி இழுத்து வச்சு அடிக்கிற ஸ்டைல் உள்ளவங்களுக்கு அந்த ரெண்டாவது கால் சென்டர் மார்க் நீட்சியைத் தாண்டறதும் உண்டு. செக் பண்றது ஈஸி, போனை பேஸ்லைனோட ஓரத்துல தரையை ஒட்டி வச்சு ஸ்லோ மோஷன்ல பத்து சர்வ் எடுத்துப் பாருங்க. ஏறுதுன்னா ரெண்டு இன்ச் பின்னாடி நின்னா தீர்ந்துது பிரச்சனை, சர்வ் வேகத்துல எதுவும் குறையப் போறதில்ல.

சின்ன விஷயம்தானே, இதுல என்ன வந்துடப் போகுதுன்னு நினைக்கிறவங்க 2009 யூ.எஸ். ஓப்பன் அரையிறுதியைப் பாருங்க. கிம் கிளைஸ்டர்ஸ்கிட்ட முதல் செட்டை விட்டுட்டு ரெண்டாவது செட்ல கேம் கணக்கு 5-6, அந்த கேம்ல 15-30னு செரீனா வில்லியம்ஸ் சர்வ் போட்டுக்கிட்டு இருந்தாங்க, ரெண்டாவது சர்வ்ல லைன் அம்பயர் ஃபுட் ஃபால்ட் கொடுத்தாங்க, அது டபுள் ஃபால்ட் ஆகி 15-40. செரீனா அந்த அம்பயர்கிட்ட கத்தினதுல, ஏற்கனவே ரேக்கெட்டை உடைச்சு ஒரு எச்சரிக்கை வாங்கியிருந்ததால, ஒரு பாயிண்ட் பெனால்டி விழுந்துது. அது மேட்ச் பாயிண்ட். மேட்சே அதோட முடிஞ்சுது.

6. பந்து எங்க விழணும்

நெட்டைத் தாண்டி, குறுக்கா எதிர்ல இருக்கிற சர்வீஸ் பாக்ஸ்ல விழணும். வலது பக்கத்துல நின்னு போட்டா எதிராளியோட வலது பக்க பாக்ஸ், அதாவது உங்களுக்கு இடது கைப் பக்கமா தெரியற கட்டம். கோடு உள்ளதான், பந்து கோட்டைத் துளி தொட்டாலும் நல்ல சர்வ்.

எப்போ ஃபால்ட்: வேற எங்க விழுந்தாலும், நெட்ல மாட்டினாலும், தரையில படறதுக்கு முன்னாடி நெட் கம்பத்துல பட்டாலும். சிங்கிள்ஸ் மேட்சுக்கு டபுள்ஸ் நெட்டை வச்சு ஆடும்போது நெட்டைத் தூக்கிப் பிடிக்க ரெண்டு குச்சி வைப்பாங்கல்ல, அதுல பட்டாலும் ஃபால்ட், பட்டுட்டு அழகா பாக்ஸ்ல விழுந்தாலும் ஃபால்ட்தான். சர்வ் உங்க மேலயோ டபுள்ஸ்ல உங்க பார்ட்னர் மேலயோ பட்டாலும் அதே கதை, பார்ட்னர் முதுகுல வாங்கினார்னா வலியும் அவருக்கு, ஃபால்ட்டும் உங்களுக்கு.

எதிராளி மேல நேரா பட்டா? இதுலதான் பாதிப்பேர் தப்பா சொல்றாங்க. பந்து தரையில படாம ரிசீவர் மேலயோ அவர் ரேக்கெட் மேலயோ பட்டா பாயிண்ட் சர்வருக்கு. அவர் பேஸ்லைனுக்கு வெளிய நின்னுட்டு "எப்படியும் அவுட்தானே போய்க்கிட்டு இருந்துச்சு"ன்னு சொன்னாலும் கணக்கு மாறாது, அவுட் போற பந்துன்னா விலகிக்கணும். டபுள்ஸ்ல ரிசீவரோட பார்ட்னர் மேல பட்டாலும் அப்படித்தான். சும்மா கையால பிடிச்சுப் போடலாம்னு நினைக்கிறவங்க ரொம்பக் கவனமா இருக்கணும்.

இன்னொரு அபூர்வமான கேஸ், ஆனா ரூல் புக்லயே உதாரணமா இருக்கு. சர்வ் அடிச்ச வேகத்துல ரேக்கெட் கையை விட்டுப் பறந்து நெட்ல விழுந்துடுச்சு. பந்து தரையில படறதுக்கு முன்னாடி ரேக்கெட் நெட்டைத் தொட்டா பாயிண்ட்டே போச்சு, முதல் சர்வா இருந்தாலும் ரெண்டாவது சான்ஸ் கிடையாது, ஏன்னா பந்து இன்னும் ஆட்டத்துல இருக்கு. பந்து பாக்ஸுக்கு வெளிய விழுந்ததுக்கு அப்புறம் ரேக்கெட் நெட்டைத் தொட்டா வெறும் ஃபால்ட், ரெண்டாவது சர்வ் போடலாம்.

7. ரெண்டாவது சர்வும் லெட்டும்

முதல் சர்வ் ஃபால்ட் ஆனா அதே பக்கத்துல இருந்து தாமதம் பண்ணாம இன்னொண்ணு போடலாம். அதுவும் ஃபால்ட்னா டபுள் ஃபால்ட், பாயிண்ட் எதிராளிக்கு. இது எல்லாருக்கும் தெரியும். குழப்பம் எல்லாம் லெட்ல.

சர்வ் நெட்டோட மேல் பட்டையில உரசிட்டு சரியான பாக்ஸ்ல விழுந்தா லெட். அந்த ஒரு சர்வ் கணக்குல இல்ல, மறுபடி போடுங்க. உரசிட்டு வெளிய விழுந்தா லெட் இல்ல, ஃபால்ட். உரசிட்டு தரையில படறதுக்கு முன்னாடி ரிசீவர் மேலயோ அவர் பார்ட்னர் மேலயோ பட்டா அதுவும் லெட். எத்தனை லெட் வேணா வரலாம், மூணு லெட் ஆனா ஃபால்ட்னு எங்கயும் இல்ல, அது யாரோ கிளப்பி விட்டது.

முக்கியமானது இதுதான்: சர்வ் லெட் முன்னாடி போன ஃபால்ட்டை அழிக்காது. முதல் சர்வ் ஃபால்ட், ரெண்டாவது நெட்ல உரசி உள்ள விழுந்துது, அப்போ உங்களுக்குக் கிடைக்கிறது திரும்பவும் ரெண்டாவது சர்வ் மட்டும்தான். "லெட்தானே, முதல்ல இருந்து ரெண்டு சர்வ்"னு கேக்கறவங்க இருக்காங்க, கொடுக்காதீங்க.

ஆனா வேற காரணத்துக்காக லெட் கூப்பிட்டா கதை தலைகீழ். நீங்க ரெண்டாவது சர்வ் போட்டு ராலி ஓடிக்கிட்டு இருக்கும்போது பக்கத்து கோர்ட்டுப் பந்து உருண்டு வந்துடுச்சு, லெட் கூப்பிட்டாங்க. இப்போ மொத்த பாயிண்டையும் திரும்ப ஆடணும், அதாவது உங்களுக்கு முதல் சர்வே கிடைக்கும், முன்னாடி போட்ட ஃபால்ட் மறைஞ்சுடும். ஒரே பேரு, ரெண்டு வேற விளைவு, அதனாலதான் இவ்ளோ வாக்குவாதம்.

சில போட்டிகள்ல லெட்டே இல்லாமலும் ஆடறாங்க, நெட்ல உரசி உள்ள விழுந்தா ஆட்டம் தொடரும், ரிசீவர் ஓடிப்போய் எடுத்தே ஆகணும். 2017ல மிலான்ல நடந்த, இளம் ஆட்டக்காரர்களுக்கான நெக்ஸ்ட் ஜென் ஏடிபி ஃபைனல்ஸ்ல இப்படித்தான் ஆடினாங்க. ரூல் புக் இதை ஒரு மாற்று விதியா அனுமதிக்குது, போட்டி நடத்தறவங்க முன்னாடியே சொல்லிடுவாங்க.

8. ரிசீவர் ரெடியா? நேரம் எவ்ளோ?

ரிசீவர் ரெடி ஆகற வரைக்கும் சர்வ் போடக்கூடாது. அதுக்காக ரிசீவர் ஷூ லேஸைக் கட்டறேன், ஸ்ட்ரிங்கை நேராக்கறேன்னு இழுத்தடிக்கவும் கூடாது, சர்வர் நியாயமான வேகத்துல ஆடினா அந்த வேகத்துக்கு அவர் வந்தாகணும். ரெடியா இல்லாதப்போ சர்வ் வந்தா கையைத் தூக்கிட்டு அடிக்காம விட்டுடணும், அப்போ அது லெட். ஒரு தடவை திருப்பி அடிக்கப் பார்த்துட்டா அதோட ரெடின்னுதான் அர்த்தம், வெளிய போனதும் "நான் ரெடியா இல்ல"ன்னு சொல்றது செல்லாது. ரெடியா இல்லன்னு காட்டிட்டா அந்த சர்வ் வெளிய போயிருந்தாலும் ஃபால்ட்னு சொல்ல முடியாது, ரெண்டுக்கும் ஆசைப்படக்கூடாது.

ரிசீவர் எங்க வேணா நிக்கலாம், பாக்ஸுக்குள்ள, வெளிய, சுவரை ஒட்டி, அவர் இஷ்டம், நெட்டுக்கு அவர் பக்கம் இருந்தா போதும்.

ஒரு பாயிண்ட் முடிஞ்சு அடுத்த பாயிண்டோட முதல் சர்வ் வரைக்கும் அதிகபட்சம் 25 செகண்ட். பந்தை எத்தனை தடவை தரையில தட்டலாம்னு கணக்கு கிடையாது, இந்த 25 செகண்டுக்குள்ள எவ்ளோ வேணா தட்டிக்கோங்க. 2018 யூ.எஸ். ஓப்பன் மெயின் டிராவுல எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி கடிகாரமே வச்சுட்டாங்க. புரொஃபஷனல் மேட்ச்ல முதல் தடவை மீறினா எச்சரிக்கை, அடுத்தடுத்து சர்வர் மீறினா அந்த சர்வ் ஃபால்ட், ரிசீவர் மீறினா பாயிண்ட் போயிடும்.

9. எந்தப் பக்கத்துல இருந்து?

ஒவ்வொரு கேமும் வலது பக்கத்துல ஆரம்பிக்கும், அப்புறம் பாயிண்டுக்கு ஒரு தடவை பக்கம் மாறும். வலது பக்கத்தை டியூஸ் சைடுன்னும் இடது பக்கத்தை அட்வான்டேஜ் சைடுன்னும் சொல்லுவாங்க, ஏன்னா டியூஸ்ல (40-40) எப்பவும் வலது, அட்வான்டேஜ்ல (அதுக்கப்புறம் ஒருத்தர் ஒரு பாயிண்ட் முன்னாடி இருக்கும்போது) எப்பவும் இடது.

நடுவுல எந்தப் பக்கம்னு மறந்துட்டா ஸ்கோரை வச்சே கண்டுபிடிக்கலாம். 15ங்கிறது ஒரு பாயிண்ட், 30 ரெண்டு, 40 மூணு. ரெண்டு பேரோடதையும் கூட்டுங்க, இரட்டைப்படைன்னா வலது, ஒற்றைப்படைன்னா இடது. 40-30ன்னா 3+2, அஞ்சு, இடது. 30-30ன்னா நாலு, வலது. 40-0ன்னா மூணு, இடது.

நோ-ஆட் முறையில, அதாவது அட்வான்டேஜே இல்லாம ஆடினா, டியூஸ்ல ஒரே ஒரு பாயிண்ட்தான், அதை எந்தப் பக்கம் வாங்கறதுன்னு ரிசீவர்தான் சொல்லுவார். மிக்ஸட் டபுள்ஸ்ல மட்டும் சர்வர் பெண்ணுன்னா பெண்ணும் ஆணுன்னா ஆணும்தான் அந்த சர்வை வாங்கணும்.

10. டை-பிரேக்

செட்ல கேம் கணக்கு 6-6 ஆனதும் செட்டை முடிக்க டை-பிரேக் ஆடுவாங்க, அங்க எல்லாருக்கும் தலை சுத்தும். மெதுவாப் பாருங்க. யாரோட முறையோ அவர் முதல் பாயிண்டுக்கு மட்டும் ஒரு சர்வ், வலது பக்கத்துல இருந்து. அடுத்தவர் ரெண்டு சர்வ், முதல்ல இடது, அப்புறம் வலது. திரும்ப முதல் ஆள் ரெண்டு, இடது, வலது. இப்படியே போகும். முதல்ல 7 எடுக்கணும், ரெண்டு பாயிண்ட் வித்தியாசமும் இருக்கணும். கிராண்ட்ஸ்லாம்ல கடைசி செட் டை-பிரேக் மட்டும் 10 பாயிண்ட், 2022ல இருந்து நாலு கிராண்ட்ஸ்லாமும் ஒரே மாதிரி ஆக்கிட்டாங்க.

போன ஸ்டெப்ல சொன்ன கூட்டல் இங்கயும் வேலை செய்யும். ஸ்கோர் 4-3னு வைங்க, கூட்டினா ஏழு, ஒற்றைப்படை, அப்போ இடது பக்கம். அதோட கூட்டுத்தொகை ஒற்றைப்படையா வரும்போதெல்லாம் சர்வர் மாறுவார், அதனால 4-3ல புது சர்வர் இடது பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறார். கூட்டுத்தொகை 6, 12, 18னு வரும்போது கோர்ட் பக்கம் மாறணும். இதுல ஒரு வேடிக்கை, ஆறாவது பாயிண்டுக்கும் ஏழாவது பாயிண்டுக்கும் ஒரே ஆள்தான் சர்வர், அவர் தன்னோட ரெண்டு சர்வ் முறைல ஒண்ணை இந்தப் பக்கமும் இன்னொண்ணை அந்தப் பக்கமும் போடுவார்.

டை-பிரேக்ல முதல் சர்வ் போட்டவர் அடுத்த செட்டோட முதல் கேம்ல ரிசீவ் பண்ணணும்.

11. டபுள்ஸ் வரிசை

ரெண்டு டீம், நாலு பேர், நாலு கேமுக்கு ஒரு சுத்து. முதல் டீம்ல யாரு முதல்ல போடறதுன்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க, ரெண்டாவது கேமுக்கு எதிர் டீமும் அப்படியே, மூணாவது கேம் முதல் டீம்ல மிச்சம் இருக்கறவர், நாலாவது எதிர் டீம்ல மிச்சம் இருக்கறவர். செட் முடியற வரைக்கும் இந்த வரிசை மாறக்கூடாது, டை-பிரேக்லயும் இதே வரிசைதான். புது செட்ல மாத்திக்கலாம்.

சர்வ் வாங்கறதுக்கும் வரிசை உண்டு. யாரு வலது பக்கம், யாரு இடது பக்கம்னு செட் ஆரம்பத்துல முடிவு பண்ணிட்டா அந்த செட் முழுக்க அதேதான். ரிட்டர்ன் அடிச்சதுக்கு அப்புறம் யார் வேணா எங்க வேணா ஓடலாம், பந்தை யார் வேணா அடிக்கலாம்.

பாக்ஸ் மட்டும் பெருசாகாது. கோர்ட் அகலமானாலும் சர்வ் விழ வேண்டிய கட்டம் சிங்கிள்ஸ்ல இருந்த அதே கட்டம்தான், ஓரத்து சந்துல விழுந்தா அவுட்.

12. முறை மாறிப் போயிடுச்சுன்னா

தப்பான பக்கத்துல இருந்து போட்டுட்டீங்கன்னு நடுவுல தெரிஞ்சா ஆடின பாயிண்ட் எல்லாம் செல்லும், தெரிஞ்ச உடனே ஸ்கோர்படி சரியான பக்கத்துக்குப் போங்க. ஒரு ஃபால்ட் போட்டதுக்கு அப்புறம் தெரிஞ்சா அந்த ஃபால்ட்டும் நிக்கும், சரியான பக்கம் போய் ரெண்டாவது சர்வ்தான்.

தப்பான ஆளே சர்வ் போட்டுக்கிட்டு இருந்தா, தெரிஞ்ச உடனே சரியான ஆள் வாங்கிக்கணும், பாயிண்ட் எல்லாம் அப்படியே இருக்கும். எதிராளி போட்ட ஃபால்ட் மட்டும் உங்க தலைல விழாது. டபுள்ஸ்ல ஒரே டீமுக்குள்ள ஆள் மாறியிருந்தா அந்த ஃபால்ட் நிக்கும். கேமே முடிஞ்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுதுன்னா மாறின வரிசையிலயே தொடரணும். டை-பிரேக்ல மட்டும், இரட்டைப்படை பாயிண்ட் முடிஞ்சு தெரிஞ்சா உடனே திருத்தணும், ஒற்றைப்படைன்னா மாறினது மாறினபடியே போகும். இதை எல்லாம் கோர்ட்டுல நின்னு யோசிக்க கஷ்டமா இருக்கும், ஆனா "ஆடின பாயிண்ட் அழியாது"ங்கிற ஒண்ணு ஞாபகம் இருந்தா சண்டை வராது.

அம்பயர் இல்லாம ஆடும்போது

ஒவ்வொரு முதல் சர்வுக்கு முன்னாடியும் சர்வர் எதிராளிக்குக் கேக்கற மாதிரி ஸ்கோரை சத்தமா சொல்லணும், சர்வர் ஸ்கோர் முதல்ல. சர்வ் உள்ளயா வெளியயான்னு சொல்றது ரிசீவர் பக்கத்து வேலை, அவங்க பக்கத்துல விழற பந்து அவங்க பொறுப்பு. சந்தேகமா இருந்தா சர்வருக்குச் சாதகமாத்தான் சொல்லணும். "சரியா பார்க்கல, இன்னொண்ணு போடுங்க"ன்னு சொல்றது பெருந்தன்மை மாதிரி தெரியும், ஆனா நல்லா விழுந்த சர்வைத் திருப்பிப் போட வைக்கறது அது. பார்க்கலைன்னா பந்து உள்ள.

வீல்சேர் டென்னிஸ்ல

பாக்ஸ், லெட், ரெண்டு சர்வ் எல்லாம் மேல சொன்ன அதேதான். கால் பத்தின ரூல் எல்லாம் அங்க சக்கரத்துக்கு வரும். சர்வுக்கு முன்னாடி நாற்காலி அசையாம நிக்கணும், அப்புறம் பந்தை அடிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தள்ளு மட்டும் தள்ளிக்கலாம், சக்கரம் பேஸ்லைனைத் தொட்டா ஃபால்ட். ரிசீவருக்கு ரெண்டு பவுன்ஸ் வரைக்கும் டைம் உண்டு. முதல் பவுன்ஸ் சர்வீஸ் பாக்ஸுக்குள்ள இருக்கணும், ரெண்டாவது கோர்ட்டுக்கு வெளிய விழுந்தாலும் எடுத்து ஆடலாம்.